தேம்ஸ் கரையில் என் மைத்துனர்

பெரிய நகரங்களின் நதிக்கரைகளுக்கெல்லாம் ஒரே ஜாதகம்தான் என்பது என் அபிப்பிராயம். முதலில் படகுகள் வந்து நிற்கின்றன. படகுகளைத் தொடர்ந்து பண்டகசாலைகளும், பண்டகசாலைகளைத் தொடர்ந்து புகைபோக்கிகளும், புகைபோக்கிகளைத் தொடர்ந்து துர்நாற்றமும் வந்து சேருகின்றன. பிறகு கப்பல்கள் வேறு துறைமுகத்துக்கும் தொழில் வேறு தேசத்துக்கும் போய்விட, உடைந்த ஜன்னல்களோடு நிற்கும் கட்டடங்களை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று நகரத்துப் பெரியவர்கள் நெடுங்காலம் யோசித்து, கடைசியில் இவற்றுக்கு நவீன கலைக்கூடம் ஆவதைத் தவிர வேறு கதி மோட்சம் இல்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஸ்பெயின் தேசத்து பில்பாவோ நகரில், கப்பல் கட்டும் தொழிலும் இரும்புத் தொழிலும் நசித்துப்போன நெர்வியோன் ஆற்றங்கரையில், 1997ஆம் ஆண்டு டைட்டேனியத் தகடு போர்த்திய கலைக்கூடம் ஒன்று எழுந்தது இவ்விதமே. லண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், 1981இல் மூடப்பட்ட பாங்க்சைடு மின்சார நிலையம் 2000ஆம் ஆண்டு மே மாதம் ‘டேட் மாடர்ன்’ என்ற நாமகரணத்தோடு மறுபிறவி எடுத்ததும் இவ்விதமே.

இத்தகைய ஸ்தலங்களுக்கு யாத்திரை போகிறவர்கள் யாரைத் துணைக்கு அழைத்துப் போவது என்பது சாமானியமான பிரச்சினை அல்ல. விஷயம் தெரிந்தவரை அழைத்துப் போனால் அவர் பேசிக்கொண்டே வருவார். நமக்கு எதையும் பார்க்க அவகாசம் கிடைக்காது. விஷயம் தெரியாதவரை அழைத்துப் போனால் நாம் பேசிக்கொண்டே போக வேண்டியிருக்கும். அதிலும் பார்க்க அவகாசம் கிடைக்காது. ஆகையால் விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையே இல்லாத ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் உத்தமம். எனக்கு அப்படிப்பட்டவர் தேடாமலே கிடைத்திருந்தார். அவர் என் மனைவியின் தமையனார். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, பதவி உயர்வுகள் யாவும் பெற்று, மின்வாரியத்திலிருந்து கௌரவமாக ஓய்வு பெற்றவர். எந்த வஸ்துவைக் கண்டாலும், இது எதனால் ஆனது, இதன் எடை என்ன, யாருக்கு டெண்டர் கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளை இந்த வரிசை மாறாமல் கேட்பது அவருடைய சுபாவம். லண்டனில் குடியிருக்கும் என் மகளைப் பார்க்க நாங்கள் குடும்ப சமேதராகப் போயிருந்த குளிர்காலத்தில், “மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள் அப்பா, அது பவர் ஸ்டேஷனாக இருந்த இடம், அவருக்குப் பிடிக்கும்” என்று அவள் சொன்னதை, நாங்கள் இருவரும் பகல் முழுவதும் வீட்டில் இல்லாமலிருக்க வேண்டும் என்பதற்கு மரியாதையான வழியாகவே புரிந்துகொண்டு புறப்பட்டோம்.

வடகரையில் செயின்ட் பால் தேவாலயம், தென்கரையில் கலைக்கூடம், நடுவே மனிதர் நடப்பதற்கென்றே கட்டிய மில்லேனியம் பாலம். மெல்லிய இரும்பு வடங்களில் தாழத் தொங்கும் அந்தப் பாலத்தைப் பற்றி என் மைத்துனருக்கு முன்பே தெரிந்திருந்தது; பொறியாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சந்தோஷப்படும் கதைகளில் அது முக்கியமானதாம். 2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி அதைத் திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இரண்டே நாளில் மூடினார்கள். மறுபடி திறந்தது 2002 பிப்ரவரியில். “காற்றுமில்லை, அஸ்திவாரக் கோளாறுமில்லை மாப்பிள்ளை, எல்லாம் மனுஷன் நடக்கிற விதம்” என்று பாலத்தின் நடுவில் என்னை நிறுத்திவைத்து அவர் விளக்கினார். மனிதன் நடக்கும்போது தன் பாதங்களால் இடமும் வலமுமாகச் சிறிது தள்ளிக்கொண்டே போகிறான். பாலம் நூலளவு அசைந்தால், விழாமல் இருப்பதற்காகத் தன்னை அறியாமலே தன் அடியை அந்த அசைவுக்கு இசைய மாற்றிக்கொள்கிறான். பக்கத்தில் வருபவனும் அப்படியே செய்கிறான். அவர்கள் இசைந்து நடக்க நடக்க அசைவு பெருகுகிறது, அசைவு பெருகப் பெருக இன்னும் பலர் இசைகிறார்கள். இப்படியாக, ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேர், யாருடைய உத்தரவும் இல்லாமல், ஒரே அடி வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதற்குப் பரிகாரமாகப் பாலத்தின் அடியில் டாம்பர்களை, அதாவது ஆட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும் கருவிகளை, பொருத்தியிருக்கிறார்களாம். அவற்றைப் பார்ப்பதற்காக அவர் கைப்பிடியின் மேல் குனிந்த கோணத்தைக் கண்டு ஒரு போலீஸ்காரர் எங்களிடம் மிகவும் அன்பாகக் க்ஷேமம் விசாரித்துவிட்டுப் போனார்.

பாலத்தின் மறுகோடியில் எதிரே நின்றது கட்டடம். லண்டன் தெருக்களில் நிற்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்த சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்தான் இந்த மின்சார நிலையத்தையும் வடிவமைத்தார். 1947இல் தொடங்கிய வேலை, இரண்டு கட்டங்களாக நடந்து 1963இல் முடிந்தது. 42 லட்சம் செங்கற்கள். எதிர்க்கரையில் இருக்கும் தேவாலயத்தின் உயரம் 111 மீட்டர் என்பதால், தெய்வத்துக்கு மேலே புகை போகக் கூடாது என்ற மரியாதை கருதிப் புகைபோக்கியை 99 மீட்டரில் நிறுத்திக்கொண்டார்கள். என் மைத்துனர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற தோரணையில் பக்தியும் துக்கமும் கலந்திருந்தன. “எண்ணெயில் ஓடின ஸ்டேஷன். எண்ணெய் விலை ஏறினதும் மூடிவிட்டார்கள். நல்லாக் கட்டின ஸ்டேஷனை மூடிவிட்டுப் படம் மாட்டியிருக்கிறார்கள், மாப்பிள்ளை” என்றார். கட்டடத்தின் ஒரு பகுதியில் துணைமின் நிலையம் தொடர்ந்து இயங்கி வருகிறது என்று நான் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. அந்தப் பகுதியைப் பார்க்க டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்டார். அந்த ஒரு பகுதியைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவற்றை இலவசமாகப் பார்க்கலாம் என்ற சமாசாரத்தை நான் தெரிவித்தேன்.

உள்ளே நுழைந்தால் டர்பைன் கூடம். முன்பு மின்சார யந்திரங்கள் நின்ற இடம். சுமார் 155 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் கொண்ட அந்தப் பெருவெளியைச் சுவிட்சர்லாந்து தேசத்துக் கட்டடச் சிற்பிகளான ஹெர்ட்சாக், டி மெரோன் இருவரும் எதையும் வைத்து அடைக்காமல் வெறுமையாகவே விட்டுவைத்தார்கள். அந்த வெறுமையை நிரப்புவதற்கு ஒவ்வொரு கலைஞராக அழைக்கிறார்கள். நாங்கள் போன சமயம், சூப்பர்ஃப்ளெக்ஸ் என்ற டென்மார்க் கலைஞர் குழு அந்தக் கூடம் நெடுக ஊஞ்சல் கட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு ஊஞ்சலிலும் மூன்று பேர் உட்கார வேண்டும். மூவரும் சேர்ந்து உந்தினால்தான் அது நன்றாக ஆடும். சமூகத்தில் மனிதர்கள் ஒன்றுகூடினால் எத்தகைய சக்தி பிறக்கும் என்பதை இது உணர்த்துகிறது என்று சுவரில் எழுதியிருந்தது. நானும் மைத்துனரும் உட்கார்ந்தோம். மூன்றாவது இடத்தில், மேலங்கியும் கழுத்துத் துண்டும் அணிந்த ஓர் ஆங்கிலேய மூதாட்டி, அனுமதி கேட்டுக்கொண்டு வந்து அமர்ந்தார். ஊஞ்சல் ஆடியது. எங்கள் மூவருக்கும் பொதுவான பாஷை ஏதாவது இருந்ததென்றால் அது முழங்கால் வலி ஒன்றுதான். அதைக் குறித்து நாங்கள் மிகவும் ஆழமாக, சைகையினாலேயே, கருத்துப் பரிமாறிக்கொண்டோம். மைத்துனர் சங்கிலியைத் தட்டிப் பார்த்து, “இரும்பு. மூணு பேர் பாரம் தாராளமாய்த் தாங்கும்” என்று தம் கலைவிமரிசனத்தைத் தெரிவித்தார். செட்டிநாட்டு வீடுகளில் நூறு வருஷமாக நடந்து வரும் காரியத்துக்கு டென்மார்க்கிலிருந்து ஆள் வரவேண்டுமா என்ற கேள்வி என் மனத்தில் எழாமல் இல்லை. ஆனால் கூடம் முழுவதும் வயது வித்தியாசம் பாராமல் ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்த காட்சியின் முன் அந்தக் கேள்வி சிறுமையாகத் தோன்றவே, அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அந்தக் கூடத்தின் ஸ்தலபுராணம் மிகவும் ரசமானது. 2003இல் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் அங்கே ஒரு செயற்கைச் சூரியனை உதிக்கச் செய்து, கூரை முழுவதும் கண்ணாடி பதித்தார். லண்டன்வாசிகள் சூரியனைக் கண்ட சந்தோஷத்தில் தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் தெரியும் தங்களுக்கே கையசைத்துக்கொண்டிருந்தார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து பார்த்த அந்தக் காட்சியில் அநேகர் பார்த்தது தங்களைத்தான். 2007இல் கொலம்பியா தேசத்து டோரிஸ் சால்சேடோ அம்மையார் அந்தக் கூடத்தின் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து ஒரு வெடிப்பை உண்டாக்கினார். இன வேற்றுமையால் மனித சமூகத்தில் விழுந்திருக்கும் பிளவை அது குறித்தது. சிலர் அந்தப் பிளவை உணர்ந்தார்கள். சிலர் அதில் கால் இடறி விழுந்தார்கள். வெடிப்பைப் பின்னர் அடைத்துவிட்டாலும் தழும்பு தரையில் இன்னும் தெரிகிறது. மைத்துனர் அதைக் கண்டுபிடித்துக் குனிந்து விரலால் தடவிப் பார்த்து, “பூச்சு வேலை சுமார்தான்” என்றார். 2010இல் சீன தேசத்து ஐ வெய்வெய், கையால் வர்ணம் தீட்டிய பீங்கான் சூரியகாந்தி விதைகள் 10 கோடியைத் தரையில் பரப்பினார். ஜனங்கள் அவற்றின் மேல் நடக்க வேண்டும் என்பது கலைஞரின் எண்ணம்; நடந்தால் எழும் பீங்கான் தூசி சுவாசத்துக்கு ஆகாது என்று சில நாட்களுக்குள்ளேயே கயிறு கட்டிவிட்டார்கள்.

இனி, நவீன கலையின் மர்மஸ்தானத்துக்கு வருவோம். மேல்மாடியில் ஓர் அறை. அறையின் தரையில் செங்கற்கள். மேலும் கீழுமாக இரண்டு வரிசை, ஆக 120 கற்கள். அமெரிக்க தேசத்து கார்ல் ஆண்ட்ரே 1966இல் படைத்த சிருஷ்டி இது. அதை வாங்க அன்று யாரும் முன்வராததால் கலைஞர் கற்களைச் சூளைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிற்பாடு மவுசு வந்தபோது சூளை மூடிப்போயிருந்தது. ஆகவே வேறு தீக்கற்கள் வாங்கி மறுபடியும் அடுக்கிக் கொடுத்தார். இந்தக் கலைக்கூடத்தை நடத்தும் டேட் ஸ்தாபனம் 1972இல் அதை வாங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பத்திரிகைகள் விழித்துக்கொண்டு, பொதுமக்கள் பணத்தில் செங்கல் வாங்குவதா என்று போட்ட கூச்சலில் இங்கிலாந்து தேசமே அதிர்ந்தது. ஒருவர் நேரில் வந்து கற்களின் மேல் நீலச் சாயத்தையும் ஊற்றிவிட்டுப் போனார்.

என் மைத்துனரோ அந்தச் செங்கற்களைக் கண்டதும் மலர்ந்துவிட்டார். அதுவரை பார்த்த சித்திரங்கள் யாவும் அவருடைய மூன்று கேள்விகளுக்குப் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தன. இங்கே வந்ததும் அவர் சொந்த ஊருக்கு வந்துவிட்டார். “தீக்கல்; கொதிகலனுக்கு உள்பக்கம் வைக்கிறது. கலவை போடவில்லை, சும்மா அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் மட்டம் பாருங்கள், ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் பிசகாது” என்று சொல்லிக்கொண்டே அவர் அந்தச் சிருஷ்டியைப் பிரதக்ஷிணமாக ஒரு முறையும் அப்பிரதக்ஷிணமாக ஒரு முறையும் சுற்றினார். அதே சமயத்தில் ஒரு வழிகாட்டி அம்மாள், பதினைந்து பேர் கொண்ட கூட்டத்தை அழைத்துக்கொண்டு அங்கே வந்து, இந்தப் படைப்பு நம்மை ஏமாற்றுவதில்லை, இது வேறு எதையும் போல் பாவனை செய்வதில்லை, செங்கல்லைச் செங்கல்லாகவே பார்க்கும்படி நம்மை வேண்டுகிறது என்று மிகவும் நயமாக வியாக்கியானம் செய்தார். கூட்டத்தில் முன்னால் நின்ற ஒரு கனவான் தலையை அசைத்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் அசைத்தார். பிறகு பதினைந்து தலைகளும் ஒரே தாளத்தில் அசைந்தன. எனக்குப் பாலத்தின் ஞாபகம் வந்தது. செங்கல்லைச் செங்கல்லாகவே பார்க்கிற காரியத்தை அந்த அறையில் உண்மையாகச் செய்துகொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அப்போது முட்டி போட்டுக்கொண்டு, ஒரு மூலை உடைந்திருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சுவரில் ஒட்டியிருக்கும் விளக்க அட்டைகளைப் பற்றியும் இங்கே பிரஸ்தாபிக்க வேண்டும். கலைக்கூடத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் படத்தை ஒரு பார்வை பார்த்து, அட்டையை ஆதியோடந்தமாகப் படித்து, மறுபடியும் படத்தைத் திரும்பிப் பாராமல் அடுத்த அட்டைக்குப் போய்விடுகிறார்கள். இது, ஹோட்டலில் பட்டியலை ஆர அமரப் படித்துவிட்டு எழுந்து கைகழுவப் போவதற்குச் சமானம். ஆனாலும் இதைப் பரிகசிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. மூலம் ஒன்றே முக்கால் அடி, உரை ஒன்றே முக்கால் பக்கம் என்ற சம்பிரதாயத்தில் வளர்ந்தவர்கள் நாம். பரிமேலழகர் இல்லாமல் வள்ளுவரிடம் நேரே போய்ப் பேசத் துணிந்தவர்கள் நம்மிலும் சொற்பம். டேட் ஸ்தாபனம் காட்சிக்கு வைத்த படைப்புகளுள் ஒன்று இந்த விஷயத்தில் சிகரத்தைத் தொட்டுவிட்டது. மைக்கேல் கிரெய்க்-மார்ட்டின் 1973இல் செய்த அந்தப் படைப்பில் ஒரு கண்ணாடிப் பலகை, அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீர். படைப்பின் பெயர் ‘ஒரு ஓக் மரம்’. தம்ளர் எப்போது, எவ்விதம் மரமாயிற்று என்பதைப் பக்கத்தில் கேள்வி பதிலாக அவரே எழுதி மாட்டியிருக்கிறார். தோற்றம் தம்ளர், தத்துவம் மரம் என்பது சாரம். மாயாவாதத்தில் பழகிய நமக்கு இது ஒரு கஷ்டமே அல்ல. கஷ்டப்பட்டவர்கள் ஆஸ்திரேலிய சுங்க அதிகாரிகள். ஓக் மரம் ஒன்று கப்பலேறி வருகிறது என்று கேள்விப்பட்டு, அந்நிய தாவரங்களுக்கு அனுமதி இல்லை என்று அதைத் தடுத்துவிட்டார்கள். கலைஞர், அது தம்ளர் தண்ணீர்தான் என்று எடுத்துச் சொல்லி மீட்க வேண்டியதாயிற்று. அவருடைய தத்துவத்தைப் பரிபூரணமாக நம்பிய ரசிகர்கள் உலகத்தில் அந்த அதிகாரிகள்தாம் என்று நான் நினைக்கிறேன்.

மைத்துனரின் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்ன கலைஞரும் ஒருவர் உண்டு. இத்தாலி தேசத்துப் பியரோ மன்சோனி என்பவர் 1961இல் தம்முடைய காலைக்கடனைத் தலா 30 கிராம் வீதம் 90 தகர டப்பாக்களில் அடைத்து, எடையையும் டப்பாவின் மேலேயே அச்சிட்டு, அன்றன்றைய தங்கத்தின் விலைக்கு விற்பனை என்று அறிவித்தார். அவற்றுள் 4ஆம் எண் டப்பா டேட்டின் சேகரிப்பில் இருக்கிறது. இந்த விருத்தாந்தத்தை நான் சிற்றுண்டிச்சாலையில் மெல்லிய குரலில் சொன்னபோது, மைத்துனர் கையிலிருந்த பிஸ்கோத்தைத் தட்டில் வைத்துவிட்டு, “எடையைப் போட்டானே, அந்த மட்டும் நாணயமான ஆள்” என்றார். சற்றுப் பொறுத்து, “டெண்டர் விட்டிருக்க முடியாது” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் அறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். மார்க் ராத்கோவின் சித்திரங்கள் மாட்டிய அறை அது. நியூயார்க் நகரத்தில் ஓர் ஆடம்பரமான போஜனசாலைக்கு வேண்டுமென்று 1958இல் அவரிடம் சித்திரங்கள் கேட்டார்கள். அவர் சம்மதித்து, அங்கே சாப்பிட வரும் செல்வந்தர்களின் பசியைக் கெடுப்பதே தம் உத்தேசம் என்று ஒரு பத்திரிகையாளரிடம் அந்தரங்கமாகச் சொன்னதாகத் தெரிகிறது. பிறகு அந்த இடத்தில் தாமே ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்து, மனம் மாறி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சித்திரங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்பதை டேட்டுக்கு நன்கொடையாக அளித்தார். பெட்டிகள் லண்டன் வந்து சேர்ந்த 1970 பிப்ரவரி 25ஆம் தேதியே, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட செய்தியும் வந்து சேர்ந்தது. காய்ந்த குருதி நிறமும் கருமையுமாக, ஆளுயரத்துக்கு மேற்பட்ட திரைகள். அவற்றில் வாசல் போலவும் ஜன்னல் போலவும் மங்கலான சட்டங்கள். வெளிச்சம் மிகக் குறைவு. இந்தக் கதை எதுவும் மைத்துனருக்குத் தெரியாது. அட்டை படிக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நான் மற்ற அறைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, “போகலாமா மச்சான்?” என்று கேட்டேன். “இருங்கள் மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் உட்காருவோம்” என்றார். எதனால் ஆனது என்று கேட்கவில்லை, எடையைக் கேட்கவில்லை, டெண்டரைப் பற்றிய பேச்சே இல்லை. வெளியே வந்த பின், “எங்கள் அம்மா காரியம் முடிந்த ராத்திரி வீடு இப்படித்தான் இருந்தது” என்று மட்டும் சொன்னார். வழிகாட்டி அம்மாளின் பதினைந்து பேரில் எவருக்கும் அந்த வாக்கியம் கிடைத்திராது.

பத்தாம் மாடிக்குப் போனோம். 2016இல் கட்டிய புதுப் பகுதியின் உச்சியில், நாற்புறமும் நடந்து லண்டனைப் பார்க்கும்படியாக ஒரு தாழ்வாரம் அமைத்திருந்தார்கள். வடக்கே நதியும் தேவாலயமும். ஆனால் கூட்டம் தெற்குப் பக்கத்தில் நின்றது. ஏனென்றால் அங்கே, கூப்பிடு தூரத்தில், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியாலேயே சுவர் வைத்த ஒரு பெரும் பணக்காரக் குடியிருப்பு இருந்தது. உள்ளே சோபா தெரிந்தது. சாப்பாட்டு மேஜை தெரிந்தது. மேஜையின் மேல் பழத்தட்டு தெரிந்தது. அயலாரின் அந்தரங்கத்துக்கு மதிப்புக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு இருந்தது. அதைப் படித்தவர்கள், எந்த அயலார் என்று உடனே திரும்பிப் பார்த்தார்கள். கீழே நாலு மாடிகளிலும் பிகாசோவுக்கும் மத்தீசுக்கும் அரை நிமிஷத்துக்கு மேல் கொடுக்காத மகாஜனங்கள், இங்கே அட்டையின் உதவியே இல்லாமல், அந்தப் பழத்தட்டைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் மைத்துனரும் பார்த்தார். “திரைச்சீலை போடக்கூடாதா?” என்றார்.

டேட் ஸ்தாபனத்தின் இயக்குநராக இருந்த நிக்கலஸ் செரோட்டாவும் குடியிருப்போருக்கு அதே யோசனையைத்தான் சொல்லியிருந்தார். அவர்களில் சிலர் யோசனையை ஏற்காமல் வழக்குத் தொடுத்தார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் முதல் 6 லட்சம் பேர்வரை அந்தத் தாழ்வாரத்துக்கு வருவதாக நீதிமன்றத்தில் தெரிய வந்தது. 2019இல் உயர் நீதிமன்றத்திலும் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றுப்போன அவர்கள், 2023 பிப்ரவரி 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் ஜயித்தார்கள். இப்படிப் பார்க்கப்படுவது மிருகக்காட்சிசாலையில் வைக்கப்பட்டிருப்பது போன்றதுதான் என்று கனம் நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். எது கலை, எது கலையல்ல என்ற வியாஜ்யம் ஒரு நூற்றாண்டாகத் தீராமல் கிடக்க, எது காட்சிப்பொருள் அல்ல என்ற வியாஜ்யத்தை இவ்வளவு சீக்கிரத்தில் தீர்த்துவைத்த பெருமை அந்த நீதிபதிகளைச் சேரும்.

இதே கலைக்கூடம் 2016இல் நம் நாட்டுப் பூபேன் கக்கரின் சித்திரங்களுக்கென்று ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. பரோடாவில் வாழ்ந்த அவர் தொழிலால் கணக்காளர். 1981இல் அவர் தீட்டி, பின்னர் டேட் வாங்கிய ஒரு படத்தில், கழுதையோடு போன தகப்பனும் பிள்ளையும் ஊரார் சொன்னதையெல்லாம் கேட்டு அவதிப்பட்ட பழைய கதை தெருவில் நடக்கிறது. முன்புறத்தில் ஒரு மனிதன், உடம்பில் துணியில்லாமல், தன் வீட்டு மாடியில் நின்று அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான். எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது என்பதே படத்தின் பெயர். பத்தாம் மாடியில் நிற்பவர்களையும், கண்ணாடி வீட்டில் இருப்பவர்களையும், உச்ச நீதிமன்றத்தையும் சேர்த்துக் கணக்கர் ஒருவர் வெகு காலத்துக்கு முன்பே வரவு செலவு எழுதி முடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நவீன கலையில் பித்தலாட்டம் உண்டா என்று என்னைக் கேட்டால், உண்டு என்பேன். பழைய கலையிலும் உண்டு, சங்கீதத்திலும் உண்டு, கட்டுரை எழுதுகிறவர்களிடமும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய கெடுதல், பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே அடி வைத்து நடப்பதுதான். புகழ்ந்தால் எல்லோரும் புகழ்வது, 1976இல் செங்கல்லுக்கு நேர்ந்தது போல வைதால் எல்லோரும் வைவது. இரண்டினாலும் பாலம் ஆடுகிறது, கலை அசையாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆட்டத்தை உறிஞ்சிக்கொள்ள அங்கங்கே சிலர் வேண்டும். கலைவிமரிசகர்கள் அந்த வேலைக்கு லாயக்கில்லை. அவர்கள்தாம் முதல் அடி வைக்கிறவர்கள். செங்கல்லைச் செங்கல் என்று சொல்லவும், பிடித்துப்போன இடத்தில் பேசாமல் உட்கார்ந்துகொள்ளவும் தெரிந்த சாதாரண மனிதர்களே அதற்கு ஏற்றவர்கள்.

ஆகையால் இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லண்டனுக்குப் போக நேர்ந்தால் தேம்ஸ் நதியின் தென்கரைக்கு அவசியம் போய் வாருங்கள். அட்டைகளைப் பிற்பாடு படித்துக்கொள்ளலாம். எல்லா அறைகளையும் பார்த்தே தீர வேண்டும் என்ற சங்கல்பம் வேண்டாம். கால் வலிக்கிற இடத்தில் உட்காருங்கள், உட்கார்ந்த இடத்தில் எதிரே இருப்பதைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் குடும்பத்தில் கலையென்றால் முகம் சுளிக்கிற பெரியவர் ஒருவர் இருப்பார். அவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். உள்ளே போக அவருக்கும் கட்டணம் கிடையாது.